30, 60, 90: உங்கள் மகள் தடுமாறிய கேள்வி

ஐயா, வணக்கம். பி.காம் முடித்த மகள் அக்கவுண்ட்ஸ் வேலைக்கான தேர்வில் எக்செல் கேள்வி ஒன்றில் தடுமாறியதையும், அன்றிலிருந்து எந்த நேர்காணலுக்கும் போக மறுப்பதையும் சொன்னீர்கள். பணம் கட்டி ஆறு மாத வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அவருக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு ஃபார்முலா. ஒரு மாலை உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும்.

பணம் வராத பில்களை, தவணை தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்று பிரித்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்: 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கும் மேல். கணக்குப் பிரிவில் இதை ஏஜிங் என்பார்கள். கடன் வசூல் எங்கே தேங்குகிறது என்று முதலாளி முதலில் பார்ப்பது இதைத்தான். அதனால்தான் தேர்விலும் வருகிறது.

இதற்கான ஃபங்ஷனின் பெயர் ஃப்ரீக்வென்சி. நாட்கள் உள்ள பத்தியை முதலில் கொடுக்க வேண்டும், அப்புறம் 30, 60, 90 என்ற எல்லைகளை. எல்லை மூன்றுதான், விடை நான்கு வரும். நான்காவது, 90-ஐத் தாண்டியவை. எக்செல் 2021, 365, கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் விடைகள் தானாக வரிசையாக விழும். பழைய எக்செல்லில் நான்கு கட்டங்களையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, ஃபார்முலாவை எழுதி கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். தேர்வு அறையில் எந்தப் பதிப்பு இருக்குமோ, இரண்டு வழியையும் பழகட்டும்.

பிள்ளைகள் சறுக்குவது எல்லைகளில்தான். நாம் கொடுக்கும் எண் அந்தப் பிரிவின் மேல் எல்லை. சரியாக 30 நாள் ஆன பில் முதல் பிரிவில் சேரும். முதல் பிரிவுக்குக் கீழ் எல்லையே கிடையாது. தவணைத் தேதி இன்னும் வராத பில்கள் மைனஸ் எண்ணாக இருந்தால் அவையும் அங்கேதான் போய் விழும். அவற்றைத் தனியே காட்ட 30-க்கு முன்னால் 0 என்று ஓர் எல்லை சேர்த்தால் போதும். இன்று தவணை முடியும் பில்லும் அதில் வரும், அதுவே சரி.

இன்னொன்றை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். 80 பில் இருக்கிறது, பிரிவுகள் 42, 21, 9, 5 என்று வருகின்றன என வைத்துக்கொள்வோம். கூட்டினால் 77. மீதி மூன்று எங்கே? வேறு மென்பொருளிலிருந்து எடுத்த தாளில் சில எண்கள் எழுத்தாகப் பதிந்திருக்கும். ஃப்ரீக்வென்சி அவற்றையும் காலிக் கட்டங்களையும் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை என்று காட்டாது. கூட்டிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். வேலைக்கு எடுப்பவர் தேடுவது அந்தப் பழக்கத்தை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் "90 நாளைத் தாண்டிய தொகை எவ்வளவு?" என்று வரும். இந்த ஃபங்ஷன் பில்களை எண்ணும், ரூபாயைக் கூட்டாது. அதற்கு, நாம் சொல்லும் நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் என்ற ஃபங்ஷன் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் பழகினால் நல்லது.

வீட்டில் எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆஃபிஸ் கால்க் இலவசம், அதிலும் ஃப்ரீக்வென்சி உண்டு. அடுத்த நேர்காணல் தேதி வந்ததும் சொல்லுங்கள். முந்தின நாள் அவரை என்னிடம் அனுப்புங்கள், 80 பில் உள்ள தாள் ஒன்றை நானே தயாராக வைத்திருக்கிறேன்.