பதில்: சமதளமான கடலடி குடை போல வளைகிறது

பல கற்றைச் சோனாரில் (கப்பலிலிருந்து விசிறி போல ஒலிக்கற்றைகளை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) சமதளமான கடலடி ஏன் குடை போல வளைந்து தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். சோனாரைக் குறை சொல்லாதீர்கள், ஒலிவேக விவரத்தை, அதாவது ஆழத்துக்கு ஆழம் நீரில் ஒலி செல்லும் வேகப் பட்டியலை, மாற்றுங்கள். வங்காள விரிகுடாவில் 3,000 மீட்டர் ஆழத்தில் அளவீட்டுப் பட்டையின் இரு ஓரமும் ஒரே அளவில் கீழே வளைவதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் எக்ஸ்பிடி (கடலில் போட்டு ஆழவாரியாக வெப்பநிலை அளக்கும் கருவி) 760 மீட்டரோடு நின்றுவிட்டது. அதன் கடைசிச் சரிவை அப்படியே அடிவரை நீட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். மேலடுக்குகளில் குளிர் கூடக்கூட ஒலிவேகம் குறையும். இன்னும் ஆழத்தில் வெப்பநிலை பெரிதாக மாறாது, அழுத்தம் மட்டும் ஏறும், வேகமும் திரும்ப ஏறும். நீங்கள் போட்ட கோடு இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் கணக்கில், சரிந்து செல்லும் ஓரக் கற்றைகள் தேவைக்கு மேல் கீழ்நோக்கி வளைந்து ஆழமாக விழும். நேர்கீழே செல்லும் நடுக்கற்றையோ உண்மையைவிட ஆழம் குறைத்துக் காட்டும், அதையும் நம்பாதீர்கள்.

760-க்குக் கீழே வேர்ல்ட் ஓஷன் அட்லஸ் (உலகக் கடல்களின் வெப்பநிலை, உப்புத்தன்மைச் சராசரித் தொகுப்பு) சராசரியிலிருந்து கணக்கிட்ட ஒலிவேகத்தை இணைத்து, பழைய தரவை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். மறுபடி கடலுக்குப் போக வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு சோதனை: ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் அது ரோல் பிழை, அதாவது கப்பலின் பக்கவாட்டுச் சாய்வைத் தவறாகக் கணக்கிட்டது. 0.1 பாகை பிசகினாலே, இந்த ஆழத்தில் 60 பாகை சரிந்த கற்றையில் ஏறக்குறைய 9 மீட்டர் போய்விடும்.

வங்காள விசிறியில் (வங்காள விரிகுடாவின் அடியில் ஆற்று வண்டல் விசிறி போலப் பரந்த பகுதி) பழைய கால்வாய்க் கரைகள் நீளமான மேடுகளாகக் கிடக்கின்றன. அப்படி ஒன்றின் உச்சியிலேயே கப்பல் ஓடியிருந்தால் குடை வடிவம் உண்மையாகவும் இருக்கலாம். அதே இடத்தைக் குறுக்கே கடந்து அளந்த குறுக்குக்கோடு ஒன்று இருந்தால் ஒப்பிட்டுவிட்டுத் திருத்துங்கள்.