புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் அதற்கு ஆயத்தமாவதும் (கேள்வி பதில்)

சிறுநீரகவியல் வார்டிலும் பின்னர் கதிர்வீச்சுப் பிரிவிலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும், விந்துநீர் சுரக்கும் சிறு சுரப்பி. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆண்கள் அதில் வரும் இந்த நோயைப் பற்றி வாய் திறப்பது அரிது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மனைவிமாரும் மகள்மாரும் எழுதியவையே. எந்தப் பதிலும் உங்கள் மருத்துவரின் முடிவுக்கு மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக இவற்றை எழுதுகிறேன்.

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு மகள்): சிஸ்டர், அப்பாவுக்கு வயது 68. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம் இரத்தத்தில் இருக்கும் அளவு) 11, பயாப்ஸியில் (ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) கிளீசன் 3+4=7 என்று வந்திருக்கிறது. ஒரு வாரத்திற்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பரவிவிடும் என்று உறவினர் சொல்கிறார். இரவில் தூக்கமே இல்லை.

பதில்: மகளே, முதலில் தூங்குங்கள். இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. உங்கள் தந்தையின் நிலையில் உள்ளவர்கள் சில வாரங்கள் எடுத்து, இரண்டு மருத்துவர்களிடம் கேட்டு முடிவெடுப்பதால் கெடுதல் நேர்வதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பயாப்ஸி ஊசி குத்திய இடத்தில் வீக்கமும் இரத்தக் கசிவும் அடங்க வேண்டும் என்பதால், அறுவை செய்வதென்றாலும் 6 முதல் 8 வாரம் வரை காத்திருக்கச் சொல்வதே வழக்கம். ஆகவே உறவினர் சொல்லும் அந்த ஒரு வாரக் கெடு மருத்துவக் கணக்கில் இல்லை.

கிளீசன் எண்ணில், நுண்ணோக்கியில் மிகுதியாகத் தெரியும் செல் அமைப்பு முதலிலும் அதற்கு அடுத்தது இரண்டாவதாகவும் எழுதப்படுகின்றன. 3+4, 4+3 இரண்டுமே 7 தான் என்றாலும், 4 முன்னால் வந்தால் நோய் சற்றுக் கடுமையானது என்று பொருள். பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, கிளீசன் 6, கட்டி சுரப்பிக்குள் சிறிதாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் குறைந்த அபாயம், பி.எஸ்.ஏ. 10-க்கும் 20-க்கும் இடையில் இருந்தாலோ கிளீசன் 7 ஆக இருந்தாலோ நடுத்தர அபாயம்; பி.எஸ்.ஏ. 20-ஐத் தாண்டினாலோ, கிளீசன் 8 முதல் 10 வரை வந்தாலோ, கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தாலோ அதிக அபாயம். உங்கள் தந்தை நடுவில் இருக்கிறார். எத்தனைத் துண்டுகள் எடுத்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, 4 என்ற அமைப்பு எத்தனை விழுக்காடு என்பவை அறிக்கையிலேயே இருக்கும். அந்தத் தாளின் நகல் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். புராஸ்டேட் வீக்கத்திற்காக அவர் டூட்டாஸ்டரைடு அல்லது பினாஸ்டரைடு மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிட்டுவருகிறாரா என்றும் பாருங்கள். அவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அப்படியானால் அந்த 11 உண்மையில் 22-க்குச் சமம். சிகிச்சைக் கணக்கே மாறிவிடும். பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்): எனக்கு 71. பி.எஸ்.ஏ. 6, கிளீசன் 6. மருத்துவர் சிகிச்சை வேண்டாம், கண்காணிக்கலாம் என்கிறார். கைவிட்டுவிட்டாரோ என்று ஐயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, கைவிடவில்லை. தீவிரக் கண்காணிப்பு என்பதும் ஒரு சிகிச்சை முறைதான். சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பயாப்ஸி என்று ஒழுங்காக நடப்பது. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர் மட்டுமே. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர், மற்றவற்றில் ஐந்து பேர், கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 விழுக்காட்டினர் பிற்பாடு அறுவையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டார்கள். எனவே பரிசோதனை நாளைத் தவறவிடாத ஒழுக்கம் உங்களிடம் இருந்தால் இது நல்ல வழி. முப்பது ஆண்டு வருகைப் பதிவேடு எழுதியவருக்கு அது கடினமாக இராது.

கேள்வி (மார்த்தாண்டம், வயது 64): அறுவையா, கதிர்வீச்சா? சிறுநீர் கசிவு, தாம்பத்தியம் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இதே கேள்வியைக் கேட்காமல் போய்விட்டுப் பின்னர் வருந்தியவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே ஒளிக்காமலே எழுதுகிறேன். மேலே சொன்ன அதே ஆய்வில், அறுவை முடிந்து ஆறு மாதத்தில் 46 விழுக்காட்டினர் கசிவுக்காகப் பேடு வைத்துக்கொண்டார்கள். ஆறாவது ஆண்டில் அது 17 ஆகக் குறைந்தது. கதிர்வீச்சுப் பிரிவில் இவை முறையே 5, 4. உறவுக்குப் போதுமான விறைப்பு ஆறு மாதத்தில் அறுவைப் பிரிவில் 12 விழுக்காட்டினருக்கும் கதிர்வீச்சுப் பிரிவில் 22 விழுக்காட்டினருக்கும் இருந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறைந்ததால், வயதுக்கும் இதில் பங்குண்டு. நரம்புகளைக் காத்து அறுவை செய்ய முடியுமா என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அதை நேராகக் கேளுங்கள். சுரப்பியை அகற்றிய பின் உச்ச உணர்வு இருக்கும், விந்து வெளிவராது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் தனக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று மாதக்கணக்கில் மனைவியிடமும் பேசாமல் இருந்த ஒருவரை நான் அறிவேன்.

கதிர்வீச்சின் தொல்லை வேறு வகை. சிகிச்சை நாட்களில் அடிக்கடி சிறுநீர், எரிச்சல், மலம் அவசரமாக வருதல் ஆகியவை இருக்கும்; சிலருக்கு ஓரிரு ஆண்டு கழித்து மலத்தில் இரத்தம் வரலாம். மூலமோ பழைய குடல் நோயோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகிறவருக்கு அறுவை பொருத்தமாகலாம். மாரடைப்பு வந்து மயக்க மருந்து ஆபத்தானவருக்குக் கதிர்வீச்சு பொருத்தமாகலாம். அறுவைக்குப் பின் நோய் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்க வழியுண்டு. கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்வது மிகக் கடினம் என்பதும் சிலரின் முடிவைத் தீர்மானிக்கிறது. அறுவை மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் தனித்தனியாகப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன், ஏனெனில் ஒவ்வொருவரும் தாம் அறிந்த வழியையே முதலில் சொல்வார்கள், அது இயல்புதான்.

கேள்வி (குளச்சல், மீனவர், வயது 61): ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை என்ன செய்ய வேண்டும்? எப்போது மறுபடியும் கடலுக்குப் போகலாம்?

பதில்: அண்ணன், இந்த ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கும் மருந்து. காற்றுப் பிரிவதை அடக்கும்போது எந்தத் தசை உள்ளே சுருங்குகிறதோ அதுதான் இடுப்புத் தளத் தசை. அதை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. அறுவைக்கு முன்பே பழகியவர்களுக்குக் கசிவு விரைவில் அடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரிடம் கேட்டு, எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

யூரின் டியூப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், டியூப் தொடையில் ஒட்டியிருக்க வேண்டும். டியூப் உள்ளே இருக்கும்போது மேற்சொன்ன பயிற்சியைச் செய்யக் கூடாது; எடுத்த மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது என்றால் வலை இழுப்பதும் வள்ளம் தள்ளுவதும் அதில் அடங்கும். கரையில் வலை பின்னும் வேலையோடு நிறுத்தி, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே கடலுக்குப் போங்கள்.

கேள்வி (அருமனையிலிருந்து ஒரு மனைவி): அவருக்கு 20 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு 37 நாள் என்றார்களே, குறைத்தால் குணமாகுமா? சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சைத்தான், அதில் ஷாக் அடிப்பதோ வலியோ இல்லை. ஒவ்வொரு நாளும் சற்றுக் கூடுதல் அளவு கொடுத்து 20 நாளில் முடிப்பது, 37 நாள் முறைக்குக் குறைந்ததல்ல என்று 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஐந்தே நாளில் முடிக்கும் முறையும் உண்டு.

ஆயத்தம்தான் இதில் பாதி வேலை. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, தோலில் மிகச் சிறிய புள்ளிகள் குத்துவார்கள். அவற்றைத் தேய்த்து அழிக்க முயல வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருந்தால் குடலும் பையும் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். ஆகவே தினமும் சிறுநீர் கழித்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவு தண்ணீரை, பெரும்பாலும் அரை லிட்டர் போல, ஒரே சீராகக் குடித்துவிட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அருமனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் வழியிலேயே குடித்துவிட்டு, வரிசை நீண்டதும் அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். மையத்திற்கு வந்து, வரிசை எண் தெரிந்த பின்பே குடிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நம் ஊர்ச் சங்கடம் ஒன்று உண்டு: காலையில் கஞ்சியும் பயறும், மாலையில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). பயறு, கடலை, முட்டைக்கோஸ் போன்றவை வாயு சேர்க்கும். மலக்குடலில் வாயு நிறைந்தால் புராஸ்டேட் சில மில்லிமீட்டர் இடம் மாறிவிடும், அன்றைய சிகிச்சையே தள்ளிப்போகலாம். அந்த நான்கு வாரம் கஞ்சி இருக்கட்டும், பயறுக்குப் பதில் வேகவைத்த மீனோ முட்டையோ கொடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் மருத்துவர் தரும் மருந்தை ஸ்கேன் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கேள்வி (முட்டத்திலிருந்து ஒரு சகோதரி): கணவருக்கு எலும்பில் பரவிவிட்டது. விதை எடுக்கலாம், அல்லது மாதாமாதம் ஊசி போடலாம் என்கிறார்கள். இடுப்பு வலிக்கு வர்ம ஆசானிடம் உழிச்சிலும் (எண்ணெய் தடவி அழுத்தி நீவுவது) செய்ய நினைக்கிறோம்.

பதில்: இந்தப் புற்றுநோய் ஆண்மைச் சுரப்புநீரை உண்டு வளர்கிறது, அதை நிறுத்தினால் சுருங்கும் என்று 1941-இல் கண்டறிந்து காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. விதைகளை அகற்றுவதும் ஊசியும் செய்வது ஒரே வேலை. முதலாவது ஒரே நாளில் முடியும், செலவு குறைவு, திரும்பப் பெற முடியாது. ஊசி தொடர்ந்து போட வேண்டும், செலவு கூடும், நிறுத்த இயலும். தவணை தவறும் வீட்டுக்கு முதலாவதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். ஆனால் ஓர் ஆணுக்கு அது மனத்தில் என்ன செய்யும் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டபின் முடிவெடுங்கள். உடல் திடீரென்று கொதித்து வியர்ப்பது, ஆசை குறைவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது ஆகியவை இரண்டிலும் உண்டு. தினமும் நடப்பது உதவும். எலும்புக்கான சோலெட்ரானிக் ஊசி போடுவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். ஆண்மைச் சுரப்புநீரை மேலும் அடக்கும் அபிராடெரோன் மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். உணவோடு சேர்ந்தால் உடலில் ஏறும் அளவு பல மடங்கு கூடிவிடும்.

உழிச்சில் வேண்டாம், சகோதரி. ஆசான்மாரை மதிக்கிறேன், ஆனால் நோய் அரித்த எலும்பு அழுத்தத்தில் முறிந்துவிடும். கால் மரத்துப்போனாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, விடியும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதுகுத்தண்டு நரம்பு நசுங்கினால் மணிக்கணக்கே முக்கியம்.

கேள்வி (பூதப்பாண்டி): செலவுக்கு என்ன வழி? எங்கே போவது?

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுங்கள்; குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கு நம் மாவட்டத்தார் காலங்காலமாகப் போகிறார்கள். அது கேரளத்தில் இருப்பதால் அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படுமுன் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும்.

கேள்வி (இரணியல்): என் அண்ணனுக்கு 58 வயதில் வந்தது. எனக்கும் என் மகன்களுக்கும் வருமா?

பதில்: தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும், வந்தே தீரும் என்பதில்லை. நீங்கள் இப்போதே மருத்துவரிடம் சொல்லி பி.எஸ்.ஏ. பார்த்துவிடுங்கள். மகன்கள் 45 வயது வாக்கில் கேட்டால் போதும். குடும்பத்துப் பெண்களில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணு மாற்றம் ஆண்களின் இந்த நோய்க்கும் பெண்களின் அந்த நோய்களுக்கும் பொதுவானது. சிறுநீரில் தொற்றோ காய்ச்சலோ இருக்கும் நாட்களில் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறும். குணமாகி ஆறு வாரம் கழித்துப் பாருங்கள்.