பைகான் மாநாட்டில் இருக்கும் 'அமைதி அறை' எதற்கு?

பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவர்கள் ஆண்டுதோறும் அமெரிக்காவில் கூடும் மாநாடு பைகான் (2024, 2025 இரண்டு வருடமும் பிட்ஸ்பர்கில் நடந்தது). அங்கே பேச்சு, போன் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள். அதுதான் அமைதி அறை.

காலையிலிருந்தே ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள், நடுவில் ஸ்டால்கள், காபி வரிசையில் கழுத்து அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பேச வரும் புது முகங்கள் என்று தகவல் கொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டது மனதில் தங்கி, நம் வேலையோடு ஒட்டி ஒரு யோசனையாக மாற வேண்டுமானால், புதிதாக எதுவும் உள்ளே வராத கொஞ்ச நேரம் வேண்டும். கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கும் பந்திக்கும் நடுவே மாடி அறையில் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோமே, அதே மாதிரிதான்.

அப்புறம், உரைகளைப் பதிவு செய்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஒன்றிரண்டைத் தயங்காமல் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் நோட்டில் நாலு வரி எழுதினாலே பெரிய லாபம்.

பலர் நினைப்பதுபோல இது உடம்பு முடியாதவர்களுக்கோ கூச்ச சுபாவக்காரர்களுக்கோ மட்டுமான அறை இல்லை. மாநாட்டுக்கு வந்த யாரும் காரணம் சொல்லாமல் போய் உட்காரலாம்.