பழைய டிஸ்கவரியை வாங்குமுன் ஓர் இரவு காத்திருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை அறுவடைக் குத்தகை எடுத்து நடத்துகிறேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும், ஈப்போவுக்கு வாரம் இரு முறையும் ஓட்டுவதற்காக லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 டீசல் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பிரிட்டனிலிருந்து ரீகானாக (சீரமைத்து இறக்குமதி செய்த பழைய வண்டியாக) வந்து 2017இல் இங்கே பதிவானது. மீட்டர் 128,000 கிலோமீட்டர் காட்டுகிறது. "புஸ்பாகம் வாகனச் சோதனை பாஸ் ஆகிவிட்டது, இனி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?" என்கிறார் விற்பவர். முன்பணம் கட்டுவதற்கு முன்பு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உங்கள் கேள்விக்கு விடையாகாது. பெயர் மாற்றத்துக்காகச் செய்யப்படும் பி5 ஆய்வு, வண்டியின் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, வண்டி சாலையில் ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கானது. சஸ்பென்ஷனின் காற்றுப் பையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அந்த ஆய்வின் வேலை அல்ல. அக்காலத்துத் தோட்டத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரில் இருந்தது வில்லுப்பட்டை. கெட்டால் தோட்டத்துப் பட்டறையிலேயே சுத்தியலும் ஸ்பேனரும் கொண்டு சரிசெய்துவிட்டார்கள். பெயர் அதேதான் என்றாலும் டிஸ்கவரி 4 முழுக்கக் கணினியின் பிடியில் ஓடும் வண்டி. விற்பவரின் முற்றத்தில் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து இதன் உடல்நிலையை அறிய முடியாது. ஓர் இரவும், வண்டியைத் தூக்கிப் பார்க்க ஒரு ஹோய்ஸ்டும் தேவை. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

இரவு எதற்கு என்றால், முதலில் ஏர் சஸ்பென்ஷனுக்காக, அதாவது வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பைகளுக்காக. மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் குறைவது இயல்பு. ஒரு விரல் அகலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நான்கு மூலையும் ஒரே அளவாக இறங்கியிருப்பதைக் காட்டி, "எல்லாப் பக்கமும் சமமாகத்தானே இருக்கிறது" என்பார் விற்பவர். நிறுத்தி வைத்த வண்டி இடையிடையே தானாக விழித்து, மிகத் தாழ்ந்துபோன மூலைக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கிச் சமப்படுத்திக்கொள்ளும் பழக்கமுடையது. ஆகவே ஒரு பையில் உள்ள கசிவுகூட நான்கு மூலைகளிலும் சமமான இறக்கமாகத் தெரியும். கசியும் பையைக் கண்டுபிடிக்க, சோப்புநீரை ரப்பரின் மடிப்புகளில் தெளித்தால் போதும். அடைபட்ட செம்மண் துகள் ரப்பரைத் தேய்த்த இடத்தில் மெல்லிய குமிழ்கள் எழும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, இறங்கி ஏறுவதற்கான தாழ்ந்த நிலையிலிருந்து காட்டுப்பாதைக்கான உயர்ந்த நிலைக்கு வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டே போனால், அல்லது அடிப்பக்கம் சேசிஸ் ஓரமாக இருக்கும் கம்ப்ரசர் முனகலைத் தாண்டி இரைய ஆரம்பித்தால், அது ஓய்ந்துவருகிறது என்று பொருள். கம்ப்ரசர் தானாகச் சாவது குறைவு. கசியும் பைக்கு ஓயாமல் காற்றடித்தே அது சாகிறது. பையை மாற்றாமல் கம்ப்ரசரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால், அடுத்த கம்ப்ரசரின் செலவை நீங்கள் ஏற்கப்போகிறீர்கள்.

இரவின் இரண்டாவது பயன் காலையில் கிடைக்கும் குளிர்ந்த இன்ஜின். போனவுடன் பேச்சுக் கொடுப்பதற்கு முன் பானட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஒருமுறை நான் காலை ஏழரை மணிக்குப் போய்ப் பார்த்த ஒரு வண்டியின் பானட் தோசைக்கல் போலச் சுட்டது. "காலையில் கழுவுவதற்காக நகர்த்தினேன்" என்றார் உரிமையாளர். நகர்த்தியதில் அவ்வளவு சூடு ஏறாது. குளிர்ந்த நிலையில் முதல் தொடக்கத்தில்தான் அடிப்பகுதியிலிருந்து வரும் தட்டல் ஒலி, நிற்காத வெண்புகை, தடுமாறும் ஓட்டம் ஆகியவை வெளிப்படும்.

இந்த வி6 டீசல் இன்ஜினைப் பற்றி ஒளிக்காமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரிங் சிக்கிச் சுழன்று கிராங்க் ஷாஃப்ட் உடைவது இந்த இன்ஜின் வரிசைக்கே பேர்போன குறை. எல்லா வண்டிக்கும் வருவதில்லை. வந்தால் இன்ஜினோடு போய்விடும். முன்கூட்டியே உறுதியாகக் கண்டுபிடிக்கும் வழியும் இல்லை. நம்மால் முடிந்தது, எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேட்பது. தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி மிக நீளமானது; நமது வெயிலிலும் தோட்டத்துக் குறுகிய ஓட்டத்திலும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியவரின் வண்டியையே நான் நம்புவேன். ரசீது இல்லாத வண்டி என்றால், வாங்குவதற்கு முன் எண்ணெயை மாற்றச் செய்து, பழைய ஃபில்டரை அறுத்து அதன் காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். உலோக மினுமினுப்பு கண்ணில் பட்டால் அன்றே திரும்பி வந்துவிடுங்கள்.

இதே இன்ஜினில் முன்பக்கம் ஒரு டைமிங் பெல்ட்டும், பின்பக்கம் உயரழுத்த டீசல் பம்பை ஓட்டும் இன்னொரு பெல்ட்டும் உண்டு. முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை மறந்துவிடுவது பட்டறைகளில் சாதாரணம். பத்தாண்டு கடந்த வண்டிக்கு, கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இரண்டுக்குமே கெடு முடிந்துவிட்டது. ரசீதில் இரண்டும் எழுதப்படவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிரிட்டனிலிருந்து வந்த வண்டி என்பதால் புகைப்போக்கியில் டீசல் கரித்துகள் வடிகட்டி இருந்திருக்க வேண்டும். அது சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் தேவை. நீங்களோ பெரும்பாலும் தோட்டத்துக்குள் மெதுவாக ஓட்டப்போகிறீர்கள். அத்துடன், 2021 ஏப்ரலில் யூரோ 5 தர டீசல் கட்டாயமாவதற்கு முன், இங்குப் பரவலாக விற்கப்பட்ட யூரோ 2எம் டீசலில் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருந்தது. யூரோ 5இல் அது 10 பிபிஎம் மட்டுமே. கந்தகம் கூடிய டீசல் வடிகட்டிக்கு ஆகாது; அந்தக் காலத்திலும் ஓடிய வண்டி இது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றிப் புகைக்குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள்: வடிகட்டி நன்றாக இருந்தால் துணி ஏறக்குறைய அப்படியே வரும், மைபோலக் கறுத்தால் வடிகட்டியை யாரோ கழற்றியிருக்கிறார்கள், அல்லது அது உடைந்திருக்கிறது. இன்ஜின் எண்ணெய் குறிக்கு மேலே ஏறி, டீசல் வாடை அடித்தால், சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று டீசல் எண்ணெயில் கலந்திருக்கிறது. உங்கள் ஈப்போப் பயணம் இந்த வண்டிக்கு மருந்து. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டி வாருங்கள்.

கியர்பெட்டி ஜெட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகப் பெட்டி. ஆயுளுக்கும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று கார் தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. பெட்டியைச் செய்தவர்களோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். பின்னவர் பேச்சையே கேளுங்கள். மெதுவாக உருட்டி நிறுத்தும்போது கியர் இறங்குவதில் உதறல் இருக்கக் கூடாது. நியூட்ரலில் வைத்து, கடினமான மேட்டுக்கான தாழ்ந்த கியர் வரிசையை இணைக்கும் லோ ரேஞ்ச் பொத்தானை அழுத்தி, உண்மையில் இணைகிறதா என்று ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். 2014 மாடலிலிருந்து லோ ரேஞ்ச் இல்லாத டிஸ்கவரிகளும் வெளிவந்தன. மழைக்காலச் செம்மண் மேட்டில் உங்களுக்கு அது இல்லாமல் முடியாது என்பதால், பொத்தான் இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

ஹோய்ஸ்டில் ஏற்றியதும் பின்பக்கச் சேசிஸைப் பாருங்கள். பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே நான்கு குளிர்காலம் கண்ட வண்டியின் துரு, இங்கே புதிதாக அடித்த கறுப்புப் பூச்சுக்குள் மறைந்திருக்கலாம். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், பொத்தென்றால் கவனம். முன் சக்கரங்களின் கீழ்க் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்வது சாதாரணம், அதற்காக வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. டயர் நான்கும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமும் கொண்டிருக்கட்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்ற ஐயமும் தேவைதான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளமான கார்கள் மூழ்கின. டிஸ்கவரி 4 வண்டி 70 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் என்று விளம்பரத்தில் சொல்வது உண்மையே. அது கடந்து போவதற்கான அளவு, இரவு முழுக்க நீரில் நிற்பதற்கு அல்ல. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கால்விரிப்பின் அடியில் ஈரம் தென்பட்டால் உடனே வெள்ளம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் மழைநீர் அங்கேதான் இறங்கும். ஸ்கேன் செய்யும்போது இன்ஜினை மட்டும் படிக்கும் மலிவான கருவி போதாது. சஸ்பென்ஷன், பார்க்கிங் பிரேக் ஆகியவற்றின் கணினிப் பெட்டிகளையும் படிக்கும் கருவி வைத்திருக்கும் ஃபோர்மேனிடம் கொடுங்கள்.

மீட்டரைச் சோதிக்க உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயம், பழைய பிரிட்டிஷ் பதிவெண் தெரிந்தால், அப்போது மீட்டர் காட்டிய அளவை அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வண்டி 2017 வரை அங்கே இருந்திருந்தால் 2016ஆம் ஆண்டுப் பதிவு இருக்க வேண்டும். எண்கள் மைலில் இருக்கும் என்பதை மறவாதீர்கள். அன்று 71,000 மைல் என்றிருந்தால், அதுவே 114,000 கிலோமீட்டர். பிறகு இத்தனை ஆண்டுகளில் வெறும் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பழைய பதிவெண்ணைத் தர விற்பவர் தயங்கினால், தயக்கமே பதில்.

கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) வங்கியின் உரிமைக் கோரல் இருந்தால், பாக்கி எவ்வளவு என்பதற்கு வங்கியின் கடிதத்தையே கேளுங்கள். சம்மன் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். சாலை வரி, சலூன் அல்லாத வகையில் பதிவான 2,993 சிசி வண்டிக்கு ஆண்டுக்கு 1,600 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் மானியம் நீக்கப்பட்டு விலை லிட்டர் 3.35 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகு, டீசல் என்பதற்காக இதை வாங்குவதில் இருந்த லாபம் போய்விட்டது. வசதியையும் கௌரவத்தையும் விட, பழுதில்லாமல் தினமும் வேலைக்குப் போவதே முக்கியம் என்றால், அதே பணத்துக்கு வயது கூடிய டொயோட்டா பிராடோ கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். டிஸ்கவரிதான் வேண்டும் என்றால், முதல் ஆண்டுப் பழுதுக்கென வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள்.

முன்பணம் கட்டும்போது ரசீதில், "வாங்குபவர் தெரிவுசெய்யும் பட்டறையில் செய்யப்படும் சோதனையில் குறை கண்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை விற்பவர் கையாலேயே எழுதி, தேதியும் சேசிஸ் எண்ணும் குறித்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். அளவுநாடாவை அதற்கு மறுநாள் மாலை எடுத்துப் போனால் போதும்.