வெளியே மழை, உள்ளே வியர்வை: காட்டுநடைச் சாமான்கள் பற்றிய கேள்வி பதில்

மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றேன். இப்போது சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டு வரவேற்பறையில் ஒரு தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு, முதுகுப்பை, கூடாரம், மழைச்சட்டை என்று பிறர் கிழித்துக்கொண்டு வருவதைத் தைத்துக் கொடுக்கிறேன். விற்றபோது எல்லாப் பொருளும் நல்ல பொருளாகத்தான் தெரிந்தது. பிரித்துத் தைக்க உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தது. காட்டுநடைக் குழுவில் இருப்பவர்களிடம், "எந்தச் சாமான் உங்களைக் கைவிட்டது, அது எப்படி இருந்திருக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மலேசியாவின் கின்னபாலு மலைக்காக வாங்கிய பூட்ஸ். மொத்தமே நான்கு முறைதான் போட்டேன். பிறகு ஏழு ஆண்டுகள் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. போன மாதம் புக்கிட் தீமா குன்றில் பாதி வழியில் இரண்டு அடிப்பாகமும் கழன்று விழுந்துவிட்டன. போலிச் சரக்கை வாங்கிவிட்டேனா? (புக்கிட் பாஞ்சாங்)

போலி இல்லை. பெட்டிக்குள் பத்திரமாக வைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் அது செத்தது.

தரையைத் தொடும் ரப்பருக்கும் காலைப் பிடிக்கும் மேற்பகுதிக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கும். கனமான பூட்ஸ்களில் அது பெரும்பாலும் பாலியூரித்தேன். பல ஆண்டுகள் மிதித்தாலும் அமுங்கிப்போகாது என்பதற்காக அதைப் போடுகிறார்கள். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரை, அதாவது குண்டுவீச்சுக் காப்பறையைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் பூட்ஸ் புதிதுபோலவே இருக்கும், உள்ளே மெத்தை பழைய கேக்குபோல் உதிரும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் காலணிக்காரரிடம் கொண்டுபோய் அவரைத் திட்டாதீர்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்து மெத்தையின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். விரிசல் கண்டாலோ மாவாக உதிர்ந்தாலோ அது முடிந்த கதை. உதிரவில்லை என்றாலும் உங்கள் புளோக்கின் படிக்கட்டில் நான்கு நாள் ஏறி இறங்குங்கள். புக்கிட் தீமா 163 மீட்டர்தான், அங்கே அடிப்பாகம் விழுந்தால் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். கின்னபாலுவில் 1,866 மீட்டரில் நடையைத் தொடங்கி 4,095 மீட்டர் உச்சிவரை போகிறீர்கள். அங்கே டாக்சி வராது.

இதற்கு மாற்றாக ஈவிஏ என்ற நுரை மெத்தை உண்டு. அது ஈரத்தில் உடையாது, ஆனால் சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். நான் கேட்பது இன்னும் எளிது: செய்த மாதத்தையும் ஆண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள். சில நிறுவனங்கள் நாக்கின் உள்பக்கம் எறும்பளவு எழுத்தில் போடுகின்றன. இரண்டு வெள்ளி ரொட்டிக்குத் தேதி உண்டு, முந்நூறு வெள்ளி பூட்ஸுக்குக் கிடையாதாம். கழிவு விலையில் வாங்கும்போது அது கிடங்கில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

காற்றோட்டமுள்ளது என்று சொல்லி விற்ற மழைச்சட்டையை மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கக் காட்டில் போட்டுப் பார்த்தேன். மழை உள்ளே வரவில்லை. ஆனால் கழற்றும்போது உள்ளே பிழியும் அளவுக்குத் தண்ணீர். ஓட்டையா? (தோ பாயோ)

ஓட்டை இல்லை, அது உங்கள் வியர்வை. கடையில் நின்ற காலத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் முழு உண்மையைச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

1969ஆம் ஆண்டில் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டி, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக்கினார். அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். இந்த வகைச் சட்டைகள் பலவும் அதன் வழி வந்தவை. ஆனால் ஆவி தானாக வெளியே நடந்துபோகாது. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். 5 டிகிரி செல்சியஸ் காற்று முழுதாக நனைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் சுமார் 7 கிராம் நீராவிதான் தாங்கும். நம் ஊர் மழையில் 25 டிகிரிக் காற்று 23 கிராம் தாங்கும், தாங்கிக்கொண்டும் இருக்கும். உள்ளேயும் குளம், வெளியேயும் குளம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? போதாததற்கு மேல்துணி நனைந்து ஊறிவிட்டால் ஆவி போகும் வழி மேலும் அடைபடும்.

இன்னொரு சங்கதி. மேல்துணியில் நீரை உருட்டிவிடப் பூசும் பூச்சில் முன்பு புளோரின் சேர்மங்கள் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுவதால் இப்போது பல நிறுவனங்கள் அவற்றைக் கைவிடுகின்றன. நியாயம்தான். ஆனால் புதிய பூச்சுகள் நீரைத் தடுக்கும் அளவுக்கு எண்ணெயைத் தடுப்பதில்லை. நம் கழுத்து வியர்வையும் சன்ஸ்கிரீனும் பட்டால் அந்த இடம் முதலில் ஊறும். அதனால் சட்டையைத் துவைக்கக்கூடாது என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். அடிக்கடி துவைத்து, உள்ளே தைத்திருக்கும் குறிப்புப் பட்டியில் உள்ளபடி மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு மறுபடி உயிர்பெறும்.

எனக்கு வேண்டிய மழைச்சட்டையில் அக்குளிலிருந்து இடுப்புவரை ஜிப் இருக்கும், உடம்போடு ஒட்டாத தொளதொளப்பு இருக்கும், உள்வலை இருக்காது. அது கிடைக்கும்வரை நான் குடை பிடித்துத்தான் நடக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இடிமின்னல் என்றால் குடையை மடக்கிவிட்டு உறுதியான கட்டடம் ஒன்றைத் தேடுங்கள்.

தண்ணீர் புகாத காலணி நல்லதா, சாதாரண வலைத்துணிக் காலணி நல்லதா? மரப்பலகைப் பாதையில் இரண்டுமே வழுக்குகின்றன. (செங்காங்)

இங்கே நடக்க வலைத்துணி. நம் மழை காலணிக்குள் துணி வழியாக வருவதில்லை, கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்குகிறது. தண்ணீர் புகாத காலணி என்றால் தண்ணீர் வெளியேறாத காலணி என்றும் அர்த்தம். காய மூன்று நாள் ஆகும், நாற்றம் போக அதற்கு மேலும்.

வழுக்குவதற்குக் காரணம் வேறு. அடியில் ஆழமான பற்கள் சேற்றுக்கு உதவும். பாசி படிந்த ஈரப் பலகையில் கடிக்க ஒன்றும் இல்லை, அங்கே ரப்பர் எவ்வளவு மென்மை என்பதுதான் கணக்கு. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நிறுவனங்கள் தேயாத கடின ரப்பரைப் போட்டு, பற்களைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கடையில் கண்ணுக்குத் தெரிவது பற்கள்தானே. ரப்பரின் மென்மையைப் பெட்டியின்மேல் எண்ணாகப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தங்கச்சி, எனக்கு வயது 66. பழைய ரயில் தடத்தின் 24 கிலோமீட்டரையும் இரண்டு தவணையாக நடந்து முடித்தேன். முதுகுப்பைதான் தோளை அறுக்கிறது. பக்கப்பையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பையைக் கழற்றவேண்டியிருக்கிறது. கால்சட்டையில் பை என்ற பெயரில் ஒரு தையல் கோடு மட்டும் இருக்கிறது. (பிடோக்)

அக்கா, முதலில் உங்களுக்கு ஒரு வணக்கம்.

தோள் அறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பையின் நீளம். லிட்டர் கணக்குப் பார்த்து வாங்குகிறோம், முதுகின் அளவை யாரும் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை பேத்தியை அளக்கச் சொல்லுங்கள். பையின் முதுகு அளவு அதோடு பொருந்தவேண்டும். பொருந்தினால் இடுப்பு வார் இடுப்பெலும்பில் உட்கார்ந்து சுமையை வாங்கிக்கொள்ளும். பொருந்தாத பையில் அந்த வார் வயிற்றைத்தான் நெரிக்கும். நம்மைப் போன்ற குட்டை உடம்புக்கு ஆண்கள் பையில் ஆகச் சிறிய அளவும் பெரிதாகவே இருக்கும். நெஞ்சின் இருபுறமும் வளைந்து இறங்கும் தோள்வார் உள்ளதைத் தேடுங்கள், நேர்வார் நமக்கு ஆகாது.

போத்தல் விஷயம் எனக்கும் தீராத எரிச்சல். பக்கப்பையை நிமிர்ந்த வாக்கில் தைப்பதால் கை எட்டாது. வாயை முன்பக்கமாகச் சாய்த்துத் தைத்தால் கை தானாகப் போய் எடுக்கும். சில பைகளில் அப்படி இருக்கிறது, எல்லாவற்றிலும் ஏன் இல்லை என்பது புரியவில்லை. உங்கள் பையைக் கொடுத்தால் தோள்வாரில் ஒரு போத்தல் உறை தைத்துத் தருகிறேன். கால்சட்டைப் பை பற்றி என்னைப் பேசவைக்காதீர்கள்.

கொசு மருந்து பூசிய கையால் தொட்டேன். கறுப்புக் கண்ணாடியின் சட்டம் பிசுபிசுத்துவிட்டது, கைக்கடிகாரத்தில் விரல்ரேகை பதிந்துவிட்டது. (ஜூரோங் வெஸ்ட்)

மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்திருக்கும். அது சிலவகைப் பிளாஸ்டிக்கையும் ஸ்பான்டெக்ஸ் துணியையும் கரைக்கும். கொசுவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் பூசியபின் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். பிக்கரிடின் உள்ள மருந்து பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

முதுகுப்பைக்குள் வைத்துக் குழாயால் உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப்பை. அதன் குழாய்க்குள் கறுப்புப் பூஞ்சை. எவ்வளவு கழுவியும் போகவில்லை. (பொங்கோல்)

குழாயை மாற்றுங்கள். இனிமேல் நடை முடிந்ததும் கழுவி, நீரை வடித்து, குழாயோடு உறைபெட்டிக்குள் போட்டுவிடுங்கள். உறைபனியில் பூஞ்சை வளராது. மீன் பக்கத்தில் வைக்காதீர்கள். இதில் இனிப்புப் பானம் ஊற்றுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கைத்தடியின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிட்டன. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. (சுவா சூ காங்)

அலுமினியம் ஈரத்தோடு உள்ளே அடைபட்டிருந்தால் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பகுதிகளை முழுவதும் உருவி, துடைத்து, தனித்தனியாகக் காயவையுங்கள். திருகிப் பூட்டும் தடியைவிட நெம்புகோல் பூட்டு நல்லது, கெட்டால் கண்ணுக்குத் தெரியும். நுனியின் ரப்பர் மூடி சேற்றில் கழன்று தொலைவது பற்றி ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். திருகி மாட்டும் மூடியைத் தேடுங்கள். மூடி போய்விட்டது என்று உலோக நுனியால் மரப்பாதையைக் குத்திக்கொண்டே போகாதீர்கள்.

ஜோகூரில் குனோங் பெலுமுட் போனோம். எங்கள் விலை உயர்ந்த காலணிகள் எல்லாம் சேற்றில் வழுக்கின. வழிகாட்டியோ கறுப்பு ரப்பர் காலணியில் ஆடு மாதிரி ஏறினார். அது என்ன காலணி? (உட்லண்ட்ஸ்)

மலேசியாவில் அதைக் கேலியும் செல்லமுமாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள், அதாவது கிராமத்து அடிடாஸ். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் மாமா காலிலும் அதுதான் இருந்தது. அச்சில் ஒரே வார்ப்பாக வருவது. தையல் இல்லை, ஒட்டு இல்லை, ஆகவே கழன்று விழ அடிப்பாகம் என்று தனியாக ஒன்று இல்லை. அடியில் பந்தாட்டக் காலணிபோல் குமிழ்கள். தண்ணீர் புகுந்தால் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். நடு மெத்தை பற்றி மேலே அவ்வளவு புலம்பினேனே, இதில் அந்தப் பிரச்சினையே கிடையாது.

குறைகளும் உண்டு. பாதத்துக்குத் தாங்கல் இல்லை, பாறையில் மணிக்கணக்கில் நடந்தால் உள்ளங்கால் வலிக்கும், கால் வேகும். ஓர் அளவு பெரிதாக வாங்கி, மெத்தை உள்ளடியும் தடித்த காலுறையும் போடுங்கள். அட்டை ஏறும் காடு என்றால் நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை வேண்டும். பின்னல் காலுறையின் கண்ணிகளுக்குள் அட்டை தலையை நுழைத்துவிடும்.

பையில் வைத்த தலைவிளக்கு தானாக எரிந்து, உச்சிக்குக் கிளம்பும்போது மின்கலம் காலி. (அங் மோ கியோ)

இங்கே இயற்கை வனப்பகுதிகளில் இரவில் நடக்க அனுமதி இல்லை. ஆகவே நாம் தலைவிளக்கைச் சோதிப்பதே வெளியூர் மலையில், அதிகாலை இரண்டரை மணிக்கு. பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருப்பதுதான் குற்றம். பூட்டும் வசதி இல்லாத விளக்கில் ஒரு மின்கலத்தைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள். பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடுமுனையைத் தின்றுவிடும்.

ஜிப் மூடுகிறது, ஆனால் பின்னாலேயே திறந்துகொள்கிறது. முழு ஜிப்பையும் மாற்றவேண்டுமா? ஒரு கொக்கியும் உடைந்துவிட்டது. (தெம்பனிஸ்)

பத்தில் எட்டு முறை பற்களில் குற்றமில்லை, அவற்றின்மேல் ஓடி மூடும் ஓட்டி தேய்ந்து வாய் அகன்றிருக்கும். குறடால் இருபுறமும் மெதுவாக நெருக்கினால் சில மாதம் ஓடும். ஓட்டியை மட்டும் மாற்றினால் சில ஆண்டுகள். உப்பும் மணலும்தான் அதைத் தேய்ப்பவை. புலாவ் உபின் தீவுக்குப் போய்வந்தால் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கொக்கிதான் எனக்குக் கோபம் மூட்டுவது. வாரோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நான் பையின் அரைப்பக்கத்தைப் பிரிக்கவேண்டும். பக்கத்தில் ஒரு பிளவு விட்டுச் செய்த கொக்கிகள் இருக்கின்றன, தையலைத் தொடாமல் வாரை நுழைத்துவிடலாம். அதையே முதலில் போட்டு விற்றால் என்ன? எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

சனிக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். துவைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். போன வாரம் ஒருவர் கொடுத்த பையின் அடியில் பாதி வாழைப்பழம் இருந்தது.