ஒரே நகம், மூன்று பதிவுகள்

கேள்வி: சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒரே நோயாளியின் பெருவிரல் நகத்தை நான் ‘தடித்த நகம்’ என்றும், அடுத்த முறை பார்த்தவர் ‘பூஞ்சை’ என்றும், மற்றொருவர் ‘சொத்தை, லேசானது’ என்றும் எழுதியிருக்கிறோம். நகம் தேறியதா, மோசமானதா என்றே கணிக்க முடியவில்லை. எல்லாரும் ஒரே விதமாகக் குறிக்க வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: தடிப்பு கண்ணால் கண்டது; பூஞ்சை என்பது நோயைப் பற்றிய முடிவு; லேசானது என்பது தீவிரத்தின் மதிப்பீடு. மூன்றையும் பதிவேட்டின் ஒரே கட்டத்தில் எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. மூன்று கட்டங்களாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் கட்டத்தில் எந்த விரல், நிறம், தடிப்பு, நகம் அடியிலுள்ள சதைப்படுக்கையை விட்டு எழும்பியிருக்கிறதா, ஓரச்சதை எப்படி இருக்கிறது என்பவை மட்டும் இடம்பெறட்டும். நகப்பூச்சை அழித்த பிறகே பாருங்கள்; மருதாணிக் கறை இருந்தால் அதையும் குறியுங்கள். இரண்டாம் கட்டம் பரிசோதனை முடிவு வரும்வரை காலியாக இருக்கலாம். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸ் என்னும் தோல் நோயும் காலணி உராய்வும் அதே தோற்றத்தைத் தரும். மாதிரி எடுக்கும்போது நுனித் தூளைவிட, பாதிப்பு முடிந்து நல்ல நகம் தொடங்கும் எல்லைக்கு அருகே நகத்தின் அடியில் சுரண்டியதே பயன்படும்.

பூஞ்சை உறுதியானால், மூன்றாம் கட்டத்தில் 2011இல் வெளியான பூஞ்சை நகத் தீவிரக் குறியீட்டைப் பயன்படுத்தலாம். பாதித்த பரப்புக்கு 0 முதல் 5 வரை, பாதிப்பு நகவேரை எவ்வளவு நெருங்கியுள்ளது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, இரண்டையும் பெருக்க வேண்டும். நகத்தடியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்போ, நீளவாக்கில் கோடோ திட்டோ இருந்தால் 10 கூட்ட வேண்டும். 5 வரை லேசானது, 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. பரப்பில் 30 சதவீதம் பாதித்து, பாதி நீளத்தைச் சற்றுக் கடந்த நகத்துக்குப் பரப்புக்கு 3, நெருக்கத்துக்கு 3; மும்மூன்று ஒன்பது; அடியில் தடிப்பும் இருந்தால் 19. ‘லேசானது’ என்று எழுதப்பட்ட நகம் இப்படிக் கடுமை வரிசைக்குப் போய்விடக்கூடும்.

மதிப்பெண்ணை நகம் வெட்டித் தேய்ப்பதற்கு முன்பே போட வேண்டும் என்பதைப் பிரிவின் விதியாகவே ஆக்கிவிடுங்கள். வெட்டிய பிறகு பார்த்தால் நோயுற்ற பகுதி கத்தரியோடு போயிருக்கும். எண் குறையும், நோய் குறைந்திராது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டரே வளர்வதால் மூன்று மாத இடைவெளியில் ஒப்பிடுவதே பொருந்தும். தொடக்கத்தில் சில புகைப்படங்களுக்கு மூவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசிக்கொள்வது நல்லது.

சதைக்குள் வளரும் நகத்துக்கு இந்த எண் பொருந்தாது. அதற்குப் பழைய மூன்று நிலைப் பகுப்பே போதும்: சிவப்பும் வீக்கமும், அழுத்தினால் வலியும் முதல் நிலை, சீழ் கசிவது இரண்டாம் நிலை, சதை வளர்ந்து ஓரம் தடிப்பது மூன்றாம் நிலை. ஆனால் உங்கள் நோயாளிகள் பலருக்கு உணர்வு மங்கியிருக்கும். வலி இல்லை என்பதை வைத்து நிலையைக் குறைக்காதீர்கள். பாத உணர்வை அறிய மெல்லிய இழையால் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் இழைச் சோதனையின் முடிவையும் பாத நாடித்துடிப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நகத்தில் கருங்கோடு அகன்றுகொண்டே போனாலோ, கருமை தோல் மடிப்புக்குப் பரவினாலோ எந்த மதிப்பெண்ணும் வேண்டாம். இரத்தக்கட்டால் வந்த கருமை என்றால் நகம் வளர வளர அதனோடு முன்னே நகரும். அவ்வாறு நகராத கருமை உள்ளவரை உடனே தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.