பழைய மோடம் ஃபைபர் இணைப்புக்கு உதவுமா?

தங்கச்சிமடத்து வீட்டில் தொலைபேசிக் கம்பி வழி வந்த இணையத்தை ஃபைபருக்கு (ஒளி செல்லும் கண்ணாடி இழைக்கு) மாற்றும்போது பழைய மோடத்தையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், முடியாது.

கணினியின் 0, 1 என்னும் தகவலை, அது செல்லும் வழிக்கு ஏற்ற அலையாக மாற்றி அனுப்புவதும், வரும் அலையிலிருந்து அதை மீட்டெடுப்பதுமே மோடத்தின் வேலை என்பதால், வழி மாறினால் கருவியும் மாற வேண்டும். பேச்சொலிக்கான குறுகிய அலைவரிசைக்குள் இயங்கிய, தொலைபேசி அழைப்பு வழியே இணைந்த டயல்-அப் மோடம் நொடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டவில்லை. உங்களிடம் இருக்கக்கூடிய, அதற்குப் பின் வந்த ஏடிஎஸ்எல்2+ வகை மோடமோ, அதே செம்புக் கம்பியில் பேச்சொலிக்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பை நூற்றுக்கணக்கான சிறு தடங்களாகப் பிரித்து, இரைச்சல் குறைந்த தடத்தில் அதிக பிட்டுகளையும் இரைச்சல் மிகுந்ததில் குறைவாகவும் ஏற்றுகிறது. உப்புக்காற்றில் கம்பி முனை பச்சைக் களிம்பு பிடித்தால், இணைப்பு அறுபடாமலே வேகம் மட்டும் படுத்துவிடுவது இதனால்தான். (நம் கரையோரத்தில் மோடத்தைத் திட்டுவதற்கு முன் அந்த முனையைப் பார்ப்பது நல்லது.)

சிம் போடும் டாங்கிளும் மோடமே. அது வானொலி அலையில் பேசுகிறது.

ஃபைபருக்கு வேண்டியது, ஒளியாக வரும் தகவலை மின் குறிப்பாக மாற்றும் ஓஎன்டி என்னும் கருவி. ஜிபான் என்னும் ஃபைபர் இணைப்பு முறையில் அது 1,490 நானோமீட்டர் ஒளியில் தகவலைப் பெற்று, 1,310 நானோமீட்டரில் அனுப்பும். கண்ணாடி இழை களிம்பு பிடிக்காது என்றாலும் கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் இழை எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள்.